பால் போன வழி

என் அன்புக்கும் கொஞ்சம் பயத்துக்கும் உரிய அத்தைக்கு,

நீங்கள் போய் ஒரு வருஷம் ஆகிவிட்டது. போன ஞாயிற்றுக்கிழமை நாசரேத்தில் உங்களுக்கு நினைவு ஆராதனை வைத்தோம். மிஷன் ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டில் நீங்கள் நர்ஸாக இருந்து கையில் ஏந்திய பிள்ளைகளில் பாதிப்பேர் இந்தக் கோயிலில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பாஸ்டர் ஐயா சொன்னார். நிறையத் தலைகள் ஆடின. நீங்கள் கடைசியாகப் பால் புகட்டிய பிள்ளையைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. அவருக்குத் தெரியாமல் இல்லை. ஊருக்கே தெரியும்.

அன்றைக்கு மத்தியானம் நடந்த ஒன்றை உங்களிடம் சொல்ல வேண்டும், அத்தை. ஆனால் அதற்கு முதலிலிருந்து வர வேண்டியிருக்கிறது. உங்களுக்குத் தெரிந்ததையே உங்களுக்குச் சொல்வது போல இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். சாகக் கிடந்த மாமியாரிடம் இந்த மருமகள் என்னத்தைச் சொன்னாள் என்று ஆளுக்கொரு கதை வைத்திருக்கிறார்கள். நடந்தது என்ன என்பதை அவர்களும் கேட்கட்டும்.

என் வேலை உங்களுக்குப் பிடிக்காது. கரையில் ஒதுங்கும் ஆமை, ஓங்கில் என்கிற டால்பின், திமிங்கிலம், கடல்பசு இவற்றுக்கு வைத்தியம் பார்க்கிற கால்நடை மருத்துவர் என்று என்னை யாரிடமும் நீங்கள் சொன்னதில்லை. சாமு வீட்டுக்காரி என்று சொல்லி நிறுத்திக்கொள்வீர்கள். "மாட்டு டாக்டர்னா சொல்லிக்க ஒரு மதிப்பு இருக்கு. செத்ததுக்கு டாக்டர்னு எங்கன போய்ச் சொல்ல?" என்று ஒரு தடவை முகத்துக்கு நேராகவே கேட்டீர்கள்.

கேள்வியில் தப்பில்லை. நான் போய்ச் சேரும்போது பெரும்பாலும் உயிர் இருக்காது. வலையில் மூச்சு முட்டிச் செத்தது, கப்பலின் விசிறி வெட்டியது, காரணமே தெரியாமல் ஒதுங்கியது என்று ஏதாவது ஒன்று ஊதிப்போய்க் கிடக்கும். அளந்து, அறுத்துப் பார்த்து, குழி தோண்டச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வருவேன். முன்வாசல் வழியாக நீங்கள் விட மாட்டீர்கள். பின்பக்கக் குழாயடியில் வாளியும் டெட்டாலும் மாற்றுப் புடவையும் வைத்திருப்பீர்கள். திட்டிக்கொண்டேதான் வைப்பீர்கள். ஆனால் ஒரு நாளும் வைக்காமல் இருந்ததில்லை.

அந்தக் கன்று வந்தது நல்ல வெயில் காலத்தில். வேம்பார்ப் பக்கம் கரைவலை இழுத்தவர்கள், மீனோடு மீனாக ஒரு கடல்பசுக் கன்று கிடப்பதைப் பார்த்து வலையை அறுத்துக் கடலில் விட்டார்கள். அது போகவில்லை. விடவிடத் திரும்பி வந்து, படகின் பக்கப் பலகையில் மூக்கை வைத்து உரசிக்கொண்டே இருந்தது. சுற்று வட்டாரத்தில் தாயைக் காணவில்லை. வனத்துறைக்குத் தகவல் போய், அங்கிருந்து எனக்கு வந்தது. நனைத்த மெத்தையில் கிடத்தி, தருவைகுளம் பக்கம் மூடிக் கிடந்த ஓர் இறால் பண்ணையின் சிமென்ட் தொட்டிக்குக் கொண்டுவந்தோம். கடல் தண்ணீர் ஏற்ற அங்கே மோட்டார் இருந்தது. மற்றபடி ஒன்றும் இல்லை.

கூட இருந்தது அந்தோணி அண்ணன் ஒருவர்தான். சங்கு குளிக்கப் போய்க் காது கெட்டு அந்தத் தொழிலை விட்டவர். தொட்டிக்குள் இடுப்பளவு தண்ணீரில் நின்று கன்றை அணைத்துப் பிடிப்பார். நான் புட்டியை வாயில் வைப்பேன். கடல்பசுவுக்கு முலை, முன் துடுப்பின் அடியில், நம் அக்குள் போன்ற இடத்தில் இருக்கும். அதனால் என் கக்கத்தில் புட்டியை இடுக்கிக்கொண்டும் பார்த்தேன். கன்று முகத்தைத் திருப்பிக்கொண்டது. மூச்சுவிட மேலே வரும்போதெல்லாம் பெருமூச்சு மாதிரி ஒரு சத்தம் வரும். அதைக் கேட்கவே முடியாது.

நான் வீட்டுக்கே வராததால் தூக்குச்சட்டியில் சோறு எடுத்துக்கொண்டு நீங்கள் ஆட்டோவில் வந்து இறங்கினீர்கள். உப்பளத்து வெயில் கண்ணைக் குத்த, புடவைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு தொட்டி ஓரமாக நின்றீர்கள். சரியாக அந்த நேரத்தில்தான் கன்று என் கையிலிருந்த புட்டியைக் கவ்வியது. கவ்வி, இழுத்து, குடித்தது. அந்தோணி அண்ணன் சிலுவை போட்டுக்கொண்டார்.

வருகிற வழியெல்லாம் ஜெபம் பண்ணிக்கொண்டே வந்ததாக நீங்கள் சொன்னீர்கள். பசி அதன் எல்லைக்குப் போய்விட்டது, அதனால் குடிக்கிறது என்று நான் சொன்னேன். அந்தப் பசியைக் கொடுத்தது யார் என்று கேட்டீர்கள். சோறு ஆறும் வரைக்கும் சண்டை போட்டோம். நம் வீட்டில் அவ்வளவு பேச்சு அதற்கு முன் நடந்ததில்லை.

மறுநாள் காலையில் என்னோடு நீங்களும் கிளம்பி நின்றீர்கள். நைட்டியின் மேல் உங்கள் மகனின் பழைய சட்டையைப் போட்டிருந்தீர்கள். ஆள் இல்லாமல் திண்டாடிய வனத்துறை ரேஞ்சரும் சரி என்றுவிட்டார். அன்றிலிருந்து மூன்று பேர் மாற்றி மாற்றிப் பால் கொடுத்தோம். தொட்டியின் உள்படியில் காலை நீட்டி உட்கார்ந்தால் கன்று நீந்தி வந்து உங்கள் முழங்காலில் தாடையை வைக்கும். ஈர ரப்பர் மாதிரி தோல், முகவாயில் மீசை முடி. "குடிம்மா. எங்கயும் பாக்காத. பேசாம குடி," என்று வார்டுக் குரலில் அதட்டுவீர்கள். பத்திரிகைக்காரர் ஒருவர் வந்து பெயர் என்ன என்று கேட்டதற்கு, எடை தேறட்டும், அப்புறம் வைக்கலாம் என்று சொல்லி அனுப்பினீர்கள்.

எல்லாம் ஒத்துப்போனோம் என்று சொல்ல மாட்டேன். பாலில் குளுக்கோஸ் கலக்கச் சொன்னீர்கள், கூடாது என்றேன். கிரைப் வாட்டர் பாட்டிலை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு வந்தீர்கள், பிடுங்கி வைத்தேன். குடித்து முடித்த பிறகும் அது வாயைத் திறந்தால், இன்னும் கொஞ்சம் கொடு என்று என்னை அரிப்பீர்கள். வீட்டுக்கு வந்தால் குழாயடியில் இரண்டு வாளி இருக்கும். அதைக்கூட நீங்கள்தான் போகும்போதே வைத்துவிட்டுப் போயிருப்பீர்கள்.

எடை தேறவில்லை. உறிஞ்சி உறிஞ்சிச் சோர்ந்து, பாதிப் பாலிலேயே அது விட்டுவிடும். வார்டில் சோர்ந்த பிள்ளைகளுக்கு நிப்பிளின் துளையைக் கொஞ்சம் பெரிதாக்குவோம், இதற்கும் செய்யலாமா என்று நீங்கள் கேட்டீர்கள். நான் யோசித்தேன். பால் வேகமாக வந்தால் புரையேறும் என்ற பயம் இருந்தது. பட்டினியில் போய்விடுமோ என்ற பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது. சரி, செய்யுங்கள் என்றேன். டீ போடுகிற அடுப்பில் ஊசியைச் சூடுபண்ணி நீங்கள் துளையிட்டீர்கள். துளை எவ்வளவு இருக்கலாம் என்று பார்த்துச் சொன்னது நான்.

அதற்கப்புறம் கன்று முழுப் பாலையும் குடித்தது. எடை ஏறியது. அந்த வாரம் கோயிலில் பெண்கள் கூட்டத்தில், எங்க வீட்டுப் பிள்ளை எடை கூடுது என்று நீங்கள் சொல்லி, அவர்கள் உங்கள் பேத்தி ஜாய்ஸ்தான் ஹாஸ்டலில் குண்டாகிவிட்டாள் என்று நினைத்துக்கொண்ட கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தீர்கள். நான் உங்களோடு சந்தோஷமாக இருந்தது அந்த ஒரு வாரம்தான் என்று இப்போது தோன்றுகிறது.

உங்களுக்கு மூச்சு வாங்குவதை நான் கவனித்திருக்க வேண்டுமா? தொட்டிப் படி ஏறும்போது நின்று நின்று ஏறினீர்கள். கேட்டால் வெயில் என்பீர்கள். வாழ்நாளெல்லாம் அடுத்தவர் மூச்சை எண்ணியவருக்குத் தன் மூச்சு தெரியாமலா இருந்திருக்கும்? ஒரு நாள் காலையில் அடுப்படியில் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டீர்கள். இதயம் மிகவும் பலவீனமாகிவிட்டது, நுரையீரலில் தண்ணீர் கோத்திருக்கிறது, அதிர்ச்சி தரும் எதையும் சொல்லாதீர்கள் என்று தூத்துக்குடி ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்.

அதே வாரத்தில்தான் கன்றும் ஒரு பக்கம் சாய்ந்து மிதக்கத் தொடங்கியது. கடல்பசுவின் நுரையீரல் முதுகு நீளத்துக்கு ஓடுவது. அதில் ஒரு பக்கம் கெட்டால் உடம்பு நேராக நிற்காது. மூக்கில் நுரை வந்தது. எனக்குத் தெரிந்த மருந்தெல்லாம் போட்டேன். தெரியாததைப் போன் பண்ணிக் கேட்டுப் போட்டேன். ஆஸ்பத்திரிக்கும் தொட்டிக்குமாக அலைந்தேன். ஒரு மத்தியானம், அந்தோணி அண்ணனின் கையில் இருந்தபடியே மூச்சுவிட மேலே வந்தது. விட்ட மூச்சை அது திரும்ப இழுக்கவில்லை. அவர் வெகுநேரம் அதைக் கீழே விடாமல் தண்ணீரிலேயே நின்றார்.

நான்தான் அறுத்துப் பார்த்தேன். வலது நுரையீரலில் பால் திரிந்து கிடந்தது. பால் வாடை அடித்தது. இவ்வளவு நாளும் எத்தனையோ அறுத்திருக்கிறேன். அன்றைக்குத்தான் கத்தியை வைத்துவிட்டு வெளியே போய் நின்றேன்.

அம்மாவிடம் சொல்லக் கூடாது என்று உங்கள் மகன் சொன்னார். எனக்கும் அதுதான் சரியாகப் பட்டது. நல்லா இருக்கு, நல்லா குடிக்குது என்று அவரே உங்களிடம் தினமும் சொன்னார். நான் உங்கள் கால்மாட்டில் பேசாமல் நின்றேன். நீங்கள் என்னைப் பார்ப்பீர்கள். நான் சலைன் பாட்டிலைப் பார்ப்பேன்.

அவர் துறைமுகத்தில் ஒரு கன்டெய்னர் தகராறைப் பார்க்கப் போயிருந்த நாள் அது. சாயங்கால வெயில் ஜன்னல் வழியாக உங்கள் கட்டில் மேல் விழுந்துகொண்டிருந்தது. மூக்கில் இருந்த ஆக்ஸிஜன் குழாயைக் கையால் விலக்கிக்கொண்டு கூப்பிட்டீர்கள்.

"ஏளா, கதவச் சாத்து."

சாத்தினேன்.

"சாமு சொல்லுதான், நல்லா குடிக்காம், சொகமா இருக்காம். அவன் பேசுதது எனக்குத் தெரியாதா? வார்டுல நாங்க இப்படித்தான் பேசுவோம். பிள்ள போயிருக்கும். தாய்கிட்ட வந்து, லைட்டுக்கடியில வச்சிருக்கு, நல்லா இருக்குன்னு சொல்லுவோம். டாக்டர் வந்து சொல்லிக்கிடட்டும்னு." மூச்சு வாங்கியது. பொறுத்து மறுபடி பேசினீர்கள். "அந்தத் தாய்மாரு என் மூஞ்சிய எப்படிப் பாப்பாங்கன்னு எனக்குத்தான் தெரியும். இப்ப நான் அப்படிப் பாத்துட்டுக் கெடக்கேன். நீ சொல்லு. இருக்கா, இல்லையா?"

அந்த நேரம் ஒரு நர்ஸ் கதவைத் திறந்துகொண்டு வந்திருந்தால் நான் தப்பித்திருப்பேன். யாரும் வரவில்லை.

"இல்ல அத்தை."

நீங்கள் கண்ணை மூடவில்லை. "என்னத்துல?"

அந்த இடத்திலாவது நான் நிறுத்தியிருக்கலாம். காய்ச்சல் என்றோ, தெரியவில்லை என்றோ சொல்லியிருக்கலாம். ஆனால் நீங்கள் கேட்ட விதம் ஒரு மாமியார் கேட்டது மாதிரி இல்லை. பணி முடிந்து போகிற நர்ஸ் அடுத்து வருகிறவளிடம் விசாரிப்பது மாதிரி இருந்தது.

"நுரையீரல்ல பால் போயிருக்கு."

விலக்கிய குழாயைத் திரும்ப மூக்கில் வைத்துக்கொண்டீர்கள். பிறகு, "அந்த ஓட்டையா?" என்றீர்கள்.

"இருக்கலாம். வலையில கெடந்தப்பவே தண்ணி உள்ள போய்க் கெட்டிருக்கவும் செய்யலாம். மூணு பேரு குடுத்தோம். யாரு கையில போச்சுன்னு சொல்ல முடியாது. ஓட்டைய நான் சரின்னு சொல்லித்தான் போட்டீங்க. ரிப்போர்ட்லயும் அப்படித்தான் எழுதிருக்கேன்."

"சரிதான். நீதானே டாக்டரு."

அப்போதுதான் அழுதீர்கள். சத்தமில்லை. கண்ணிலிருந்து காதுப்பக்கமாக வழிந்து தலையணையில் இறங்கியது. நீங்கள் அழுது நான் பார்த்ததில்லை, மாமா இறந்த அன்றுகூட. துடைக்க வந்த என் கையைத் தட்டிவிட்டுவிட்டு, அப்புறம் நீங்களே அந்தக் கையைப் பிடித்துக்கொண்டீர்கள். வெகுநேரம் கழித்து, தூங்கிவிட்டீர்கள் என்று நான் நினைத்தபோது சொன்னீர்கள்:

"அடுத்த தடவ புட்டி வேண்டாம். ட்யூப் போடு."

உங்கள் மகன் வந்ததும் அவரிடம் நீங்களே சொல்லிவிட்டீர்கள், பிள்ளை போயிட்டாமே என்று. அவர் வெளியே வந்து வராந்தாவில் என் முன்னால் நின்றார். கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ஒரு பொய் சொல்லிருக்கலாம்லா, ஹெப்சி. ஒண்ணே ஒண்ணு."

மறுநாள் விடியும்போது நீங்கள் போய்விட்டீர்கள். எப்படியும் போயிருப்பீர்கள் என்று டாக்டர் சொன்னார். அதை நான் எத்தனை தடவை எனக்கே சொல்லிக்கொண்டாலும் ஒரு இடத்தில் வந்து நின்றுவிடுகிறது. நிம்மதியாகப் போயிருக்கலாமே, அத்தை? கன்று சுகமாக இருக்கிறது என்று நம்பிக்கொண்டு? அல்லது நம்பாமல், கேட்கவும் ஆளில்லாமல் கிடந்திருப்பீர்களா? எனக்குத் தெரியவில்லை. உங்களைத் தவிர வேறு யாருக்கும் தெரியப்போவதுமில்லை.

அடக்கத்துக்கு வந்தவர்கள் என்னைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார்கள். உங்கள் மகன் அதற்கப்புறம் என்னிடம் தேவைக்கு மட்டும் பேசினார். சோறு போடவா என்றால் போடு என்பார். கேஸ் தீர்ந்துவிட்டது என்றால் சொல்லியாச்சு என்பார். ஜாய்ஸ் பாளையங்கோட்டையிலிருந்து லீவுக்கு வந்தபோது இரண்டு பேர் முகத்தையும் பார்த்துவிட்டுச் சீக்கிரமே கிளம்பிவிட்டாள். நான் வேலைக்குப் போய்வந்தேன். பின்பக்கம் வாளியில் நானே தண்ணீர் பிடித்து வைத்துவிட்டுப் போவேன். வருவதற்குள் அதில் இலை விழுந்து கிடக்கும்.

இந்த வருஷமும் ஒதுங்கியதெல்லாம் செத்தவைதான். ஆமைகள் நிறைய. ஒரு பெரிய திமிங்கிலம், வால் வெட்டுப்பட்டு. கன்று எதுவும் வரவில்லை. வாய் வழியாக வயிற்றுக்கே பால் செலுத்தும் ட்யூப் வாங்கி வைத்திருக்கிறேன், அளவு வாரியாக. என் அறிக்கையைப் படித்துவிட்டு வேறொரு கடற்கரையிலிருந்து ஒரு டாக்டரம்மா போன் பண்ணி, துளை விஷயத்தைத் துருவித் துருவிக் கேட்டார். அவர்களிடம் ஒரு ஓங்கில் குட்டி இருந்ததாம். பிறகு என்ன ஆனது என்று நான் கேட்கவில்லை. அந்தோணி அண்ணன் இப்போது ஐஸ் கம்பெனியில் இருக்கிறார். தொட்டியில் பாசி பிடித்துவிட்டது.

சரி, ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

கல்லறையில் பூ வைத்துவிட்டு எல்லோரும் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது போன் வந்தது. மணப்பாட்டுக்குத் தெற்கே ஒரு ஓங்கில் உயிரோடு ஒதுங்கியிருக்கிறது. நான் எழுந்தேன். உங்கள் நினைவு நாளில், இலை போட்ட பிறகு, மருமகள் எழுந்து போவதை எல்லோரும் பார்த்தார்கள். பஸ் எத்தனை மணிக்கு என்று நான் யாரிடமோ விசாரித்துக்கொண்டிருந்தபோது உங்கள் மகன் கார் சாவியை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தார். உடன்குடி தாண்டும் வரைக்கும், பனையும் செம்மணலுமாகப் போய்க்கொண்டிருந்த அந்த ரோட்டில், நாங்கள் ஒரு வார்த்தை பேசவில்லை.

கரையில் கூட்டம். மூன்று தடவை கடலுக்குள் தள்ளிவிட்டிருக்கிறார்கள், மூன்று தடவையும் திரும்பி வந்திருக்கிறது. ஒருவர் குடத்தால் தண்ணீர் மொண்டு அதன் உச்சந்தலையிலேயே ஊற்றிக்கொண்டிருந்தார். மூச்சுத் துளை அங்கேதான் இருக்கிறது என்று சொல்லி நிறுத்தினேன். வயதான பெண் ஓங்கில். பிடரி ஒட்டி, விலா எலும்பு தெரிந்தது. வாயெல்லாம் புண். மூச்சில் அழுகல் வாடை. இன்னொரு தடவை தள்ளிவிட்டால் அது கடலில் மூழ்கித்தான் சாகும்.

தள்ள வேண்டாம் என்றேன். கூட்டத்துக்குக் கோபம் வந்தது. டாக்டர்னு வந்துட்டு வேடிக்கை பாக்கவா என்று ஒருவர் கேட்டார். அதன் வேதனை குறைய ஊசி போட்டேன். அதற்கு மேல், ஊசியாலேயே அதன் உயிரை முடித்துவைக்க, மேலிடத்து அனுமதி வேண்டும். அது வருவதற்குள் இது முடிந்துவிடும் என்று தெரிந்தது. நிழல் வேண்டும், நனைத்த துணி வேண்டும், சத்தம் வேண்டாம். அவ்வளவுதான் செய்ய இருந்தது.

திரும்பிப் பார்த்தால் உங்கள் மகன் செருப்பைக் கழற்றிவிட்டு, நினைவு ஆராதனைக்குப் போட்ட வெள்ளைச் சட்டையோடு ஈர மணலில் உட்கார்ந்திருந்தார். இந்த இருபது வருஷத்தில் என் வேலை நடக்கிற இடத்துக்கு அவர் வந்ததே இல்லை. யாரோ கொடுத்த போர்வையை அலையில் நனைத்து அதன் முதுகில் போட்டு, மூச்சுத் துளைப் பக்கம் துணி நழுவாமல் கையால் பிடித்துக்கொண்டார். அது மூச்சு விடும்போதெல்லாம் அவர் முகத்தில் தெறித்தது. துடைத்துக்கொள்ளவில்லை.

இடுப்பில் பிள்ளையோடு ஒரு பெண் வந்து பக்கத்தில் குந்தினாள். என்னிடம் கேட்கப் பயந்திருப்பாள் போல. அவரிடம் கேட்டாள்.

"அண்ணாச்சி, பொழச்சிரும்லா?"

அவர் என்னைப் பார்த்தார். அவர் வழக்கமாகச் சொல்லும் பதில் எனக்குத் தெரியும். தேறிடும், கவலப்படாத என்பார். யாருக்கும், எதற்கும் அப்படித்தான் சொல்வார். அது அவருடைய நல்ல குணம். நான் கேட்டுக்கொண்டே மருந்துப் பெட்டியை மூடினேன்.

"பொழைக்காதும்மா," என்றார்.

அந்தப் பெண் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். "பெறவு எதுக்கு இவ்ளோ பாடு படுதீங்க?"

"இங்கன கெடக்குல்லா. அதான்."

அவள் போய்விடுவாள் என்று நினைத்தேன். பிள்ளையை மணலில் இறக்கிவிட்டு, தன் துப்பட்டாவைக் கழற்றி நனைத்துக்கொண்டு வந்தாள். கூட்டத்தில் பாதிப்பேர் கலைந்து போனார்கள். மற்றவர்கள் படம் பிடித்துக்கொண்டிருந்த போனை உள்ளே வைத்துவிட்டு, வெயில் விழுகிற பக்கமாக வரிசையாக நின்றார்கள். அவர்கள் நிழல் அதன் மேல் விழுந்தது. வெயில் இறங்கும் முன்னால் அது போய்விட்டது. குழி தோண்டி முடிகிற வரைக்கும் அவர் கூடவே நின்றார்.

திரும்பி வரும் வழியில், மெய்ஞ்ஞானபுரம் தாண்டியதும் காரை ஓரமாக நிறுத்தினார். இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருந்தது. கையெல்லாம் மணல்.

"அம்மா அன்னைக்கு உங்கிட்ட என்ன கேட்டா?" என்றார். "பூராவும் சொல்லு."

இந்த ஒரு வருஷமாக அவர் இதைக் கேட்கவே இல்லை, அத்தை. நான் சொன்னேன். கதவைச் சாத்தச் சொன்னதிலிருந்து சொன்னேன். அவர் பேசுவது வார்டில் நர்ஸுகள் பேசுவது மாதிரி இருக்கிறது என்று நீங்கள் சொன்னதையும் விடவில்லை. ஊசித் துளை, நீங்கள் அழுதது, என் கையைத் தட்டிவிட்டது, எல்லாம். ட்யூப் போடு என்று சொன்னீர்கள் என்றதும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே இருந்தவர் நெற்றியை ஸ்டியரிங்கில் வைத்துக்கொண்டார். அப்புறம் அது சிரிப்பாக இல்லை.

ரொம்ப நேரம் கழித்து நிமிர்ந்தார். "எனக்கு இன்னும் கோவம் போகல, ஹெப்சி," என்றார்.

"சரி," என்றேன்.

"போகுமான்னும் தெரியல."

அதற்கும் சரி என்றேன். அவர் வண்டியை எடுத்தார். ஊர் வந்து சேரும் வரைக்கும் உங்களைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தோம். நீங்கள் பாளையங்கோட்டை பஸ்ஸில் ஒரு கண்டக்டரோடு சண்டை போட்டது, அவர் பத்தாவது படிக்கும்போது பொய்க் காய்ச்சல் என்று சொல்லப் போய் நீங்கள் ஊசி போட்டுவிட்டது. எனக்கு இதெல்லாம் தெரியாது. அவர் எனக்குச் சொன்னதே இல்லை.

இது நல்ல முடிவு என்று நான் சொல்லவில்லை, அத்தை. ஓங்கில் செத்துவிட்டது. கன்று செத்துவிட்டது. நீங்களும் இல்லை. வீடு இப்போதும் பெரும்பாலும் அமைதியாகத்தான் இருக்கிறது. நான் உங்களிடம் உண்மையைச் சொன்னது சரியா என்று இன்றைக்கு யாராவது கேட்டால் சரி என்று சத்தியம் பண்ண எனக்குத் துணிவில்லை. மறுபடியும் நீங்கள் கதவைச் சாத்தச் சொல்லிக் கேட்டால் அதையேதான் சொல்வேன் என்பது மட்டும் தெரிகிறது.

அடுத்து ஒரு கன்று வரலாம். வராமலும் போகலாம். வந்தால் பிழைக்கும் என்று உங்கள் கல்லறையில் வந்து வாக்குக் கொடுக்க என்னால் முடியாது. நல்ல சேதியோடுதான் வருவேன் என்றும் சொல்ல மாட்டேன். ஆனால் எந்தச் சேதியாக இருந்தாலும், வேறு யார் வாயாலும் நீங்கள் கேட்கும்படி விட மாட்டேன். நானே வந்து சொல்கிறேன்.

உங்கள் சாமுவின் மனைவி,
உங்கள் மருமகள்
ஹெப்சி
தூத்துக்குடி